சோறு போடும் கலையும் துடைப்பம் பிடிக்கும் கையும்

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கலைவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தை அறிவித்ததும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. "படம் எழுதுவது கலை, சிலை செதுக்குவது கலை, பாட்டும் கூத்தும் கலை. சோறு போடுவதும், கிழிந்த சட்டையைத் தைப்பதும், தரையைக் கூட்டுவதும் எப்போதய்யா கலையாயிற்று? அப்படியானால் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே கலைஞர்கள்தானே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

முதலில் இது என்ன கலை என்று சொல்லிவிடுவோம். சுவரில் மாட்டும் படமல்ல, பீடத்தில் நிற்கும் சிலையுமல்ல. ஒரு கூடம் முழுவதையும், அதிலுள்ள மேஜை, அடுப்பு, பாய், விளக்கு அத்தனையும் சேர்த்து ஒரே படைப்பாக அமைப்பது. அமைப்புக் கலை என்று இதற்குப் பெயர். இதிலும் ஒரு வகை உண்டு. அதில் பார்க்க வந்தவர் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போக முடியாது. உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், எழுத வேண்டும், பேச வேண்டும். வந்தவர் கை வைக்காவிட்டால் படைப்பே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தலை எண்ணிக் கொள்ளுங்கள். ஆள் வந்து உட்கார்ந்தால்தான் அது கல்யாணப் பந்தல். வராவிட்டால் வெறும் கீற்றும் கம்பும்தான்.

இந்த வகையில் பேர் பெற்ற ஒருவர் ரிக்ரித் திராவனிஜா. தாய்லாந்துக்காரர். 1961-ல் அர்ஜெண்டினாவின் தலைநகரான புவனோஸ் அயர்ஸில் பிறந்தவர். தகப்பனார் தூதரக அதிகாரி. பாட்டியார் பாங்காக்கில் உணவு விடுதி நடத்தியவர். இவர் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் கலை படிக்கும்போது அங்குள்ள பெரிய கலைக்கூடத்துக்குப் போவார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஆசியாவின் பழைய பானைகளும் சட்டிகளும் புத்தர் சிலைகளும் வரிசையாக இருக்கின்றன. தன் நாட்டில் சோறு வடித்த பானை, கும்பிட்ட சிலை, இங்கே பெட்டிக்குள் பிணமாக இருக்கிறதே என்று இவருக்குத் தோன்றுகிறது. பானையைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்பில் வைத்தால் என்ன? இதுதான் அவருடைய கலையின் ஆரம்பம்.

1992-ல் நியூயார்க் நகரத்தில் '303 கேலரி' என்ற படக்கடையில் இவர் ஒரு கண்காட்சி நடத்தினார். படம் ஒன்றுகூட இல்லை. கடையின் ஆபீஸ் அறையிலும் பின்கட்டிலும் இருந்த மேஜை நாற்காலிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் எல்லோரும் பார்க்கும் முன்கூடத்துக்குக் கொண்டு வந்து போட்டார். காலியான இடத்தில் அடுப்பு மூட்டினார். மடக்கு மேஜைகள், முக்காலிகள், சோறு, தாய்லாந்துக் காய்கறிக் குழம்பு. வந்தவர் யாராயிருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு கிடையாது. சாப்பிட்டு வைத்த தட்டும், அடிப்பிடித்த சட்டியும், காலி டின்களும் அப்படியே கிடந்தன. அவைதான் காட்சிப் பொருள்கள்!

இதை வெறும் வேடிக்கை என்று சொன்னவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். லட்சக்கணக்கான டாலருக்குப் படம் கைமாறும் ஊர் அது. அந்த ஊரில், விற்பதற்கென்றே திறந்து வைத்த கடையில், விற்க ஒன்றுமில்லாமல் செய்து, விலை பேசும் மேஜையைத் தெருவுக்குத் தெரிகிற மாதிரி முன்னே இழுத்துப் போட்டு, விலை பேசிய அறையில் உலை வைத்தார் ஒரு மனிதர். இது சாதாரண விஷயமல்ல.

ஆனால் பிறகு நடந்ததையும் கேளுங்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தப் படைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக் கொண்டது. 2011-ல் தன் கட்டிடத்துக்குள்ளேயே அந்தச் சமையலறையை மறுபடி அமைத்துக் காட்டியது. பகலில் குழம்பும் சோறும் இலவசம். அந்த வருஷம் அந்த அருங்காட்சியகத்தில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 டாலர்! சோற்றுக்குக் காசில்லை, வாசற்படிக்குத்தான் காசு. நமக்கு இது புரியாத விஷயமா? அன்னதானத்துக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வராதபடி அதன்மேல் தன் பெயரை எழுதி வைக்கும் புண்ணியவான்களை நாம் பார்த்துப் பழகியவர்கள்தானே.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியத்தில் அந்தப் பொருள் இருக்கிறது. முன்பின் தெரியாமல் புதிதாக வந்தவன்தான் விருந்து. மாமன் மச்சான் வந்தால் அது உறவு. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வைத்தார். இவ்வளவு பெருமையும் உள்ள நாட்டில்தான் தேநீர்க் கடையில் ஒருவனுக்குக் கண்ணாடித் தம்ளர், இன்னொருவனுக்குத் தேங்காய்ச் சிரட்டை என்றிருந்தது. தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955-ல் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்தும் இரட்டைக் குவளை வைத்த கடைகள் இருந்தன. ஆகையால் நம் விவசாயத் தோழர்கள், "அங்கே எல்லோருக்கும் சோறு போடுகிறார்கள்" என்று கேட்டவுடன், "ஒரே தட்டிலா?" என்று கேட்பார்கள். அந்தக் கடையில் ஒரே தட்டுதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறோம். இவரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இவர் கையில் எடுத்தவை நூலும் துடைப்பமும்.

லீ மிங்வெய் என்பது இவர் பெயர். தைவான் தீவில் தைச்சுங் நகரத்தில் 1964-ல் பிறந்தார். அமெரிக்காவில் கலிபோர்னியாக் கலைக் கல்லூரியில் இவர் படித்தது நெசவும் துணியும் சம்பந்தப்பட்ட கலை. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பம். அதற்கெல்லாம் முன்பே, சிறுவனாக இருந்தபோது, பள்ளி விடுமுறைகளில் ஒரு பௌத்த மடத்தில் துறவிகளிடம் பாடம் கேட்டவர். அந்தத் துறவிகள் சான் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஜப்பானில் அதைத்தான் ஜென் என்கிறார்கள்.

ஆன்மிகம் என்ற பேச்சு வந்ததும் தோழர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக் கொள்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சான் மடங்களின் வரலாற்றில் பாய்ஜாங் என்று ஒரு கிழத்துறவி வருகிறார். 8-ம் நூற்றாண்டில் பிறந்து 814-ல் மறைந்தவர். தானம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் வழக்கத்தை விட்டு, துறவிகளும் வயலில் இறங்கிப் பாடுபட வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு கதையும் வழங்குகிறது. தள்ளாத வயதிலும் அவர் மண்வெட்டியை விடவில்லை. சீடர்களுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் மண்வெட்டியை ஒளித்து வைத்து விட்டார்கள். அன்றைக்குக் கிழவர் வேலை செய்யவில்லை, சாப்பிடவும் மறுத்துவிட்டார். மறுநாள் மண்வெட்டி தானாகத் திரும்பி வந்தது! இந்தக் கதையை நம் ஊர் மடாதிபதிகளிடமும் பண்ணையார்களிடமும் யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

வேலையே தியானம், கூட்டுவதும் சமைப்பதும் தைப்பதும் மனதை ஒருமிக்கச் செய்யும் சடங்கு என்ற அந்த மடத்துப் பாடத்தைத்தான் லீ மிங்வெய் கலைக்கூடத்துக்குள் கொண்டு வந்தார். 2020-ல் பெர்லின் நகரத்துக் கலை மாளிகை ஒன்றில் நடந்த இவரது பெரிய கண்காட்சிக்கு 'லீ' என்று பெயர் வைத்திருந்தார்கள். இது அவர் பெயரல்ல. வேறு ஒரு சீனச் சொல். சடங்கு, மரியாதை, கொடை மூன்றையும் அந்த ஒரே சொல் குறிக்கும். அந்தச் சொல்லை எழுதும் சீன எழுத்தின் ஒரு பகுதி பூசைக்கான குறி, மறுபகுதி படையல் வைக்கும் பாத்திரம்.

யேலில் மாணவராயிருந்தபோது இவர் ஒரு காரியம் செய்தார். சேர்ந்து சாப்பிட்டுப் பேச வாருங்கள் என்று முன்பின் தெரியாதவர்களுக்கு அழைப்பு எழுதிச் சுவர்களில் ஒட்டினார். வந்தவர்களுக்குத் தானே சமைத்துப் போட்டார். பிற்பாடு அதுவே அருங்காட்சியகங்களுக்குள் போயிற்று. அங்கே சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எல்லோரும் போய்க் கதவு சாத்திய பிறகு, பாய் விரித்த தாழ்வான மேடையில் கலைஞரும் அந்த ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேசுவார்கள். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு விருந்தாளி! பத்துப் பேருக்குச் சமைத்து நூறு பேருக்குப் பரிமாறும் நம்மவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். சேர்ந்து உட்கார ஆளில்லாத பெரிய நகரத்தின் நோய்க்கு அவர் ஏதோ ஒரு கை மருந்து கொடுக்கிறார் என்று எடுத்துக் கொண்டு மேலே போவோம்.

மில் தோழர்களே, இப்போது நூலுக்கு வருகிறோம்.

2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன அல்லவா? அந்தக் கட்டிடத்தில் வேலை பார்த்த, லீ மிங்வெய்யோடு வாழ்ந்த துணைவர் அன்று மயிரிழையில் தப்பினார். கூட வேலை செய்தவர்கள் பலர் திரும்பவில்லை. மனம் தவித்த அந்த நேரத்தில் லீ மிங்வெய் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் தைக்காமல் கிடந்த கிழிசல் துணிகளையெல்லாம் எடுத்து வைத்துக் கொண்டு தைக்க ஆரம்பித்தார். அழுது தீர்க்க முடியாததைக் கைவேலையில் தீர்ப்பது நம் தாய்மார்களுக்குத் தெரிந்த விஷயம்.

அதிலிருந்து 2009-ல் ஒரு படைப்பு பிறந்தது. ஒரு நீண்ட மேஜை, இரண்டு நாற்காலி. சுவர் நிறைய வண்ண வண்ண நூல்கண்டுகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நூற்றுக்கணக்கில். பார்க்க வருகிறவர் தன் கிழிந்த துணியைக் கொண்டு வரலாம். தைப்பவர் எதிரே உட்கார்த்தி வைத்து, "எப்படிக் கிழிந்தது?" என்று கேட்கிறார். நூலைச் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். பேசிக்கொண்டே தைக்கிறார். தைத்து முடித்ததும் நூலை அறுப்பதில்லை! சுவரிலிருக்கும் கண்டிலிருந்து மேஜையிலிருக்கும் சட்டை வரைக்கும் அந்த இழை ஓடுகிறது. சட்டை மேஜைமேலேயே இருக்கும். நாளாக ஆக மேஜையில் துணி குவிகிறது. சுவருக்கும் மேஜைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கண்காட்சி முடியும் சமயத்தில் சொந்தக்காரர் வந்து வாங்கிக் கொள்ளலாம். 2017-ல் இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் நடந்த உலகக் கலைக் கண்காட்சியிலும் இந்த மேஜை போடப்பட்டது.

இதன் படங்களைப் பார்த்தபோது நமக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தச் சுவர்தான். கோன் வைண்டிங் பார்க்கும் எந்தத் தோழருக்கும் அதுதான் கண்ணில் படும். இத்தனை கண்டு, இத்தனை இழை, ஆனால் ஓடுகிற மிஷின் சத்தம் இல்லை, பஞ்சுத் தூசி இல்லை, இருமல் இல்லை!

ரிங் பிரேமில் சைடு பார்க்கும் தோழருக்கு வேலை என்ன? இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அறுந்தது தெரியக் கூடாது, ஒட்டியது தெரியக் கூடாது. தெரிந்தால் நூல் கெட்டது என்பார்கள், மேஸ்திரி வந்து நிற்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் இழையை ஒட்டினோம் என்று நமக்கே கணக்கில்லை. வேலை சுத்தமாயிருந்தால் அதைச் செய்த கை யாருக்கும் தெரியாது, அதுதான் மில்லின் விதி. அந்த மேஜையில் விதி நேர் எதிர். ஒட்டு தெரிய வேண்டும். கறுப்புச் சட்டைக்குச் சிவப்பு நூல். கிழிந்த இடத்தை மறைக்காதே, இங்கே ஒரு கை வேலை செய்தது என்று காட்டு! தைத்தவரையும் தைக்கக் கொடுத்தவரையும் ஒரே இழை பிடித்துக் கொண்டிருக்கிறது.

இந்த ஒரு விஷயத்துக்காகவே நாம் இந்தக் கலையைத் தள்ளிவிட மாட்டோம். கடையில் தொங்கும் சட்டையைப் பாருங்கள். விலைச்சீட்டு இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது. பஞ்சு எடுத்தவள், நூற்றவன், நெய்தவன், தைத்தவள் இவர்களில் ஒருவர் பெயராவது உண்டா? பொருளைப் பார்த்தால் மனிதன் தெரிவதில்லை. மனிதன் தெரிய ஒரு மேஜை போட்டார் இவர்.

அதே சமயம், ஒரு பெண் தோழர் நம்மிடம் சொன்னதையும் இங்கே சொல்லியாக வேண்டும். "ஒட்டுப் போட்ட பாவாடையோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அந்த ஒட்டு அழகாகவா இருந்தது? பையை முன்னால் பிடித்து மறைத்துக் கொண்டுதானே போனோம்!" என்றார் அவர். நியாயம்தானே? வீட்டில் இன்னும் பத்துச் சட்டை வைத்திருப்பவனுக்குச் சிவப்பு நூல் ஒட்டு ஓர் அலங்காரம். மாற்றுத் துணி இல்லாதவனுக்கு அது ஊரறிந்த இல்லாமை. மேலும் அவர் கேட்டார்: "சட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமாமே. அப்புறம் எதைப் போட்டுக் கொண்டு வீட்டுக்குப் போவது?" இந்தக் கேள்விக்கு எந்த அருங்காட்சியகமும் பதில் எழுதி வைத்ததாக நாம் பார்க்கவில்லை.

தைப்பது எப்போதும் கலைஞர் மட்டுமல்ல. அவர் இல்லாத நாட்களில் தொண்டர்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். பிரியப்பட்டுத்தான் வருகிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தையல் கூலிக்கு உயிர் வாழ்கிறவர்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்க, தையலின் மகிமையைக் காட்டுகிற மேஜையில் கூலி என்ற பேச்சே எழாதது நமக்கு நெருடுகிறது.

துடைப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. விவசாயத் தொழிலாளப் பெண்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

லீ மிங்வெய் மியான்மர் நாட்டுக்குப் போனார். அங்கே பகோடாக்களுக்குள் போகும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிறார்கள். அந்த வெறுங்கால்களுக்காகத் தொண்டர்கள் வழியைக் கூட்டிக் கொண்டே இருக்கிறார்கள். இதைப் பார்த்து இவர் ஒரு படைப்பு செய்தார். பெரிய கூடத்தின் தரையில் அரிசிக் குவியல். ஒரு நடனக் கலைஞர், காலில் சலங்கை, கையில் துடைப்பம். மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்து அந்த அரிசியைக் கூட்டுகிறார். அரிசி வளைந்து வளைந்து தரையில் பாதையாக ஓடுகிறது, கோலம் போலாகிறது, கலைகிறது, மறுபடி உருவாகிறது. மணிக்கணக்கில் இது நடக்கும். சுற்றி நின்று பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம்.

நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, களத்தில் போரடித்து, கடைசியில் மண்ணோடு கிடக்கும் நெல்லையும் கூட்டி அள்ளிப் புடைத்து எடுக்கிற பெண்களுக்கு, அரிசியை ஒருவர் காலடியில் போட்டுத் துடைப்பத்தால் தள்ளுகிறார் என்று கேட்டால் வயிறு எரியும். சிந்திய பருக்கையைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக் கொள்கிற ஜனங்கள் நாம். ஆனாலும், களம் கூட்டும் அந்தச் சீரான கையசைவில் ஒரு தாளம் இருக்கிறது, ஓர் அழகு இருக்கிறது என்பது பொய்யா? அதை யாராவது நின்று பார்த்தார்களா? பண்ணையார் பார்த்தார், நெல் குறைகிறதா என்று.

பகோடாவில் கூட்டுகிறவரும் கலைக்கூடத்தில் கூட்டுகிறவரும் தாமாக விரும்பித் துடைப்பத்தை எடுத்தவர்கள். வேண்டாம் என்றால் கீழே வைத்துவிட்டுப் போகலாம். அப்படி எடுத்தால்தான் அது தியானம். பிறந்த சாதியைப் பார்த்து ஒருவர் கையில் துடைப்பத்தைத் திணித்து, அவர் பிள்ளை கையிலும் அதையே திணிக்கிற நாட்டில், கூட்டுவது ஆன்மிகம் என்று அந்தத் துப்புரவுத் தொழிலாளியிடம் போய் உபதேசம் செய்வது அக்கிரமம். அப்படி உபதேசம் செய்தவர்களும் நம் நாட்டில் உண்டு.

இந்த அரிசி கூட்டும் படைப்பு 2022-ல் லண்டன் நகரத்து டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நடந்தது. அந்தக் கட்டிடத்தின் கதை ருசிகரமானது. அது முன்பு ஒரு மின்சார நிலையம். 1981-ல் மூடப்பட்டது, 2000-ல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. டர்பைன் ஓடிய பிரம்மாண்டமான மண்டபத்துக்கு இன்றும் டர்பைன் ஹால் என்றுதான் பெயர். டேட் என்பது 19-ம் நூற்றாண்டுச் சர்க்கரை முதலாளி ஒருவரின் பெயர். அவர் கொடுத்த படங்களும் பணமும்தான் முதல் டேட் கலைக்கூடத்துக்கு அஸ்திவாரம்.

அரிசி கூட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2020-ல், கொரோனாக் காலத்தில், டேட் கலைக்கூடங்களின் வியாபாரப் பிரிவு 313 பேரை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. யார் அந்த 313 பேர்? அங்குள்ள கடைகளிலும் உணவகங்களிலும் பதிப்பு வேலையிலும் இருந்தவர்கள். வந்தவருக்குக் காப்பி கொடுத்தவர்கள், தட்டு எடுத்தவர்கள், அடுப்படியில் நின்றவர்கள். தினசரி விருந்தோம்பலை அங்கே உண்மையாகச் செய்தவர்கள்! அந்த ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாசலில் கொடி பிடித்து நின்றார்கள்.

கலைஞர் அவர்களை நீக்கினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழைப்பது கலைஞர், வீடு வேறொருவருடையது, அடுப்படியில் நிற்பவர் இன்னொருவர். இந்த மூன்று பேரையும் தனித்தனியே பார்க்கத் தெரிய வேண்டும். விருந்தோம்பலைப் பற்றிய படைப்பு எவ்வளவு உயர்ந்ததாயிருந்தாலும், அது நடக்கிற வீட்டின் அடுப்படியை எட்டிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. அரிசி கூட்டிய நடனக் கலைஞரின் பெயர் அறிவிப்பில் இருக்கும். மாலையில் கதவடைத்த பிறகு அந்த மண்டபத்தைக் கூட்ட வரும் தொழிலாளியின் பெயர் எந்த அறிவிப்பிலும் இருக்காது.

லீ மிங்வெய்யின் இன்னும் இரண்டு படைப்புகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இவை இரண்டுக்கும் செலவு அதிகமில்லை, நம் ஊரிலும் செய்யலாம். ஒன்று 1998-ல் செய்தது. பாட்டி இறந்து போனபின் அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் கடிதங்களாக எழுதினார். அந்த நினைப்பில் மூன்று சிறு அறைகள் கட்டினார். ஒன்றில் நின்றுகொண்டும், ஒன்றில் உட்கார்ந்தும், ஒன்றில் மண்டியிட்டும் எழுத வேண்டும். யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டோமோ, யாரிடம் மன்னிப்புக் கேட்காமல் விட்டோமோ அவர்களுக்குக் கடிதம். ஒட்டி வைத்தால் அருங்காட்சியகமே தபாலில் சேர்த்துவிடும். ஒட்டாமல் வைத்தால் வருகிறவர் யாரும் படிக்கலாம். மற்றொன்று, நீளமான கல் மேஜை ஒன்றின் நடுப்பிளவில் பூக்களை நட்டு வைப்பது. யாரும் ஒரு பூ எடுத்துக் கொள்ளலாம், ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டுக்குப் போகும்போது வந்த வழியாகப் போகாமல் வேறு வழியாகப் போக வேண்டும், வழியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்தப் பூவைக் கொடுத்துவிட வேண்டும். முன்பின் தெரியாதவன்தான் விருந்து என்று சற்று முன் சொன்னோமே, அதேதான்!

இனி நம் கலைவிழா விஷயம். அடுத்த மாதம் மில் வாசலில் நடக்கும் விழாவில் அந்தத் தையல் மேஜையை நாமும் போடுவது என்று குழுவில் பேசினோம். தையல் வேலை செய்யும் தோழர்கள் இருவர் உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். நூல் மில் தோழர்கள் கொண்டு வருகிறார்கள். கடையில் வாங்கி ரசீதோடுதான், வேறு வழியில் அல்ல! எதிரே உட்காருகிறவர் துணி எப்படிக் கிழிந்தது என்று சொல்ல வேண்டும். மிஷினில் மாட்டிக் கிழிந்ததா, முள்வேலியில் கிழிந்ததா, ஊர்வலத்தில் போலீஸ் இழுத்துக் கிழிந்ததா, சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் குழுவில் தகராறு வந்தது. தையல் தோழர்கள் இருவரும் தொண்டாகச் செய்யட்டும் என்றார்கள் சிலர். அன்றைக்கு அவர்கள் கடைக்குப் போகாததால் போகும் கூலியை யார் கொடுப்பது என்று மற்றவர்கள் கேட்டார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரு நாள் முழுக்கூலி விழாச் செலவில் சேர்த்து எழுதுவது என்று முடிவாயிற்று. கணக்கை வாசலில் ஒட்டுவோம். நூலை அறுக்காமல் வைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். மாற்றுத் துணி இல்லாதவர் அன்றைக்கே போட்டுக் கொண்டு போக வேண்டுமல்லவா? சிவப்பு நூல் வேண்டாம், துணியின் நிறத்திலேயே தையுங்கள் என்று யாராவது கேட்டால் அப்படியே தைத்துக் கொடுக்கப்படும். துணியைத் துவைத்துக் கொண்டு வாருங்கள்.